கடைக்கு ஒரு பெயரேடு: லினக்ஸ் கணிப்பொறியும் அதில் சேரட்டும்



கல்லாப்பெட்டிச் சாவியைக் கடையில் வேலை பார்க்கும் அத்தனை பேரிடமும் கொடுத்து வைக்கும் வணிகர் நம்மில் யாரும் இல்லை. கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது, இரவு கடை அடைத்த பிறகு அது எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வரை நமக்குத் தெரியும். ஆனால் இன்று நமது கல்லா, இருப்புப் புத்தகம், பற்று வரவு எல்லாமே கணிப்பொறிக்குள் போய்விட்டன. அந்தக் கணிப்பொறியைத் திறக்கும் கடவுச்சொல்லோ, கணக்குப்பிள்ளை முதல் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் வரை எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகவே பெரும்பாலான கடைகளில் இருக்கிறது. அதைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. இந்த நிலை மாற வேண்டும் என்பதையும், அதிகச் செலவில்லாமல் மாற்ற வழி இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

பொதுக் கடவுச்சொல்லால் வரும் வினை

நமது வட்டாரத்தில் ஒரு மொத்த மளிகைக் கடையில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஆண்டு முடிவில் இருப்பு எடுத்தபோது, கணிப்பொறி காட்டியதைவிடக் கிடங்கில் பன்னிரண்டு மூட்டை துவரம்பருப்பு குறைந்தது. அந்தக் கடையில் கணிப்பொறியில் பதிவு செய்பவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். யார் பதிந்தது என்று தேடினால் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே 'அட்மின்' என்று மட்டுமே இருந்தது. சந்தேகம் புதிதாகச் சேர்ந்த பையன் மேல் விழுந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவனிடம் பேசும் தோரணையே மாறிவிட்டது. பத்தே நாளில் அவன் கணக்கை முடித்துக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. பெண்ணாடத்துக் கடை ஒன்றிலிருந்து திரும்பி வந்த பன்னிரண்டு மூட்டையை இரண்டு முறை வரவு வைத்திருக்கிறார்கள். அதுவும் அந்தப் பையன் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய தேதியில்! முதலாளிக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. பையனுக்கோ வேலையோடு நல்ல பெயரும் போயிற்று.

கையால் எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பேரேட்டில் எழுத்தைப் பார்த்த உடனேயே இது இன்னார் எழுதியது என்று சொல்லிவிடலாம். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்கிக்கொள்வோம். கணிப்பொறியில் எல்லோருடைய எழுத்தும் ஒரே எழுத்து. ஆகவே அங்கே ஆளுக்கு ஒரு பெயர் இருந்தால்தான் யார் எழுதியது என்று தெரியும். தனிப் பெயர் கொடுப்பது பணியாளரை வேவு பார்ப்பதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். குற்றமற்ற பணியாளரைக் காப்பாற்றுவதற்கும் அதைவிட நல்ல வழி கிடையாது.

அரசாங்கமும் இந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இ-வே பில் தளத்தில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே பணியாளர்களுக்குத் தனித்தனித் துணைப் பெயர்கள் உண்டாக்கிக்கொள்ள இடம் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டில், கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் கொடுக்க வேண்டும் என்ற முறை படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. முதலாளி வெளியூரில் இருக்க, லாரி வாசலில் நிற்க, எண் அவர் கைப்பேசிக்குப் போய்விட்டது என்று தவித்தவர்கள் துணைப் பெயரின் அருமையை உணர்ந்திருப்பார்கள். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுவடு வைக்கும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நம்மில் பெரும்பாலோர் தனி உரிமையாளர்கள் அல்லது கூட்டு வணிகர்கள் என்பதால் அந்த விதி நம்மை நேரடியாகத் தொடாது. ஆயினும் அது நமக்கும் நல்ல புத்திதான்.

பெயரேடு என்றால் என்ன?

கடையில் ஒரே ஒரு கணிப்பொறி இருந்தால் அதிலேயே ஆளுக்கு ஒரு பெயர் வைத்துவிடலாம். முன்பக்கம் பில் போட இரண்டு, கணக்குக்கு ஒன்று, கிடங்கில் ஒன்று, மேசையில் முதலாளிக்கு ஒன்று என்று ஐந்து வந்துவிட்டால், ஐந்திலும் தனித்தனியாக எல்லாருடைய பெயரையும் எழுத வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஐந்து இடத்திலும் அடிக்க வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் சாவி வெளியே இருக்கிறது என்றே பொருள்.

பெரிய நிறுவனங்கள் இதற்கு ஒரு பொதுப் பெயரேடு வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் டைரக்டரி என்றும், அந்தப் பெயரேட்டின் ஆளுகைக்கு உட்பட்ட கணிப்பொறிகளின் வட்டத்தை டொமைன் என்றும் சொல்கிறார்கள். ஒரு சர்வரில் எல்லாப் பணியாளர்களின் பெயரும் கடவுச்சொல்லும், யார் எதைத் தொடலாம் என்ற விவரமும் இருக்கும். எந்த மேசையில் யார் உட்கார்ந்தாலும், அந்தக் கணிப்பொறி சர்வரிடம் கேட்டே கதவைத் திறக்கும். வேலையை விட்டுப் போனவர் பெயரை ஓர் இடத்தில் அடித்தால் போதும், எல்லா இடத்திலும் அடைபட்டுவிடும். இவ்வகையில் உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 சர்வருடன் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி.

அது வேலை செய்யும் விதம் நமக்குப் புதிதன்று. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலா கொண்டு வரும் விவசாயி, வாசலில் ஒரு தடவை பெயர் பதிந்து சீட்டு வாங்கிக்கொண்டால், எடை போடும் இடத்திலும் பணம் வாங்கும் இடத்திலும் அந்தச் சீட்டைக் காட்டினால் போகிறது. இங்கும் காலையில் ஒரு முறை கடவுச்சொல்லைக் கொடுத்ததும் சர்வர் ஒரு சீட்டுத் தருகிறது. பொதுக் கோப்புகளைத் திறக்க அந்தச் சீட்டே போதும். வழக்கமான அமைப்பில் சீட்டின் ஆயுள் பத்து மணி நேரம். இந்தச் சீட்டு முறைக்குக் கெர்பரோஸ் என்று பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-களில் உருவானது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யார், எந்தக் கணிப்பொறியில், எப்போது அமர்ந்தார் என்பதைப் பெயரேடு காட்டும். கணக்கு மென்பொருளுக்குள் யார் எந்தப் பதிவைச் செய்தார் என்பது தெரிய, அதற்குள்ளும் ஆளுக்கு ஒரு பெயர் வைக்கத்தான் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாக அளித்து வந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணிப்பொறிகள் பலவற்றில் ஏறாது. குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் கேட்கிறது. நம் கடைகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எட்டு, பத்து வயதுக் கணிப்பொறிகளை எடைக்குப் போடுவதா என்ற கேள்வி எழுந்துள்ளது. தவிர, மலிவாகக் கிடைக்கும் விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. அதற்கு மேற்பட்ட பதிப்பை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் கைகொடுக்கிறது. 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்து, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களும் நிறுவனங்களும் வளர்த்த இயங்குதளம் அது. விலையின்றிக் கிடைக்கும் பதிப்புகள் பல. பழைய கணிப்பொறியிலும் ஓடும். தமிழ்நாட்டுக்கு அது அந்நியமும் அன்று. உமாசங்கர், இ.ஆ.ப., நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007-ஆம் ஆண்டை ஒட்டி, எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணுக் கழகம் லினக்ஸுக்கு மாறியது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் பாஸ் என்ற இந்திய லினக்ஸை 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் வாங்கி வந்த மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு அந்த பாஸ் இருந்தது. அண்டையில் கேரளத்துப் பள்ளிகள் லினக்ஸிலேயே பாடம் நடத்தி வருகின்றன.

அதற்காக எல்லாவற்றையும் லினக்ஸாக்கிவிட முடியுமா என்றால், முடியாது. நம்மில் பலர் நம்பியிருக்கும் டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. ஆகவே கணக்குப்பிள்ளையின் மேசையில் விண்டோஸ் இருக்கும். இ-வே பில், வங்கித் தளம், விலைப்பட்டியல் பார்ப்பது, கடிதம் அடிப்பது போன்றவை பிரவுசர் இருந்தால் போதும் என்பதால் அந்த மேசைகளில் லினக்ஸ் இருக்கலாம். ஆக, இனிமேல் நமது கடைகள் இரண்டும் கலந்த கடைகளாகவே இருக்கும். அப்போது விண்டோஸ் கணிப்பொறிகள் பெயரேட்டுக்கு உள்ளேயும் லினக்ஸ் கணிப்பொறிகள் வெளியேயும் நின்றால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டது போலாகும்.

'லினக்ஸ் டொமைனில் சேராது' என்பது சரியா?

சில விற்பனையாளர்கள் அப்படிச் சொல்லிப் புதுக் கணிப்பொறிகளைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அது சரியன்று. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், வேறு வகைக் கணிப்பொறியும் இவற்றுடன் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள, கம்பியில் போகும் செய்திகளைக் கவனித்தே ஒரு மென்பொருளை எழுதினார். 1992-இல் வெளிவந்த அதுவே பின்னர் சாம்பா என்று பெயர் பெற்றது.

மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்கள் பேசும் மொழியின் முழு விவரத்தைப் பிறருக்குத் தராமல் வைத்திருந்தது. ஐரோப்பிய ஆணையம் அதை விசாரித்து, 2004 மார்ச்சில் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, விவரங்களை வெளியிடவும் ஆணையிட்டது. மேல்முறையீட்டில் 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு முறை செலுத்தும் 10,000 யூரோ கட்டணத்தில், சாம்பா குழுவினருக்கு அந்த விவரங்கள் கிடைத்தன. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4, பெயரேட்டில் சேர்வதோடு நில்லாமல், தானே ஆக்டிவ் டைரக்டரி முறையில் பெயரேட்டை நடத்தவும் வல்லதாயிற்று.

வணிகர்களாகிய நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறிய காலத்தில், அளவை யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதே கணக்கு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் அளவை நாடு முழுவதும் படிப்படியாக வந்ததால்தான், விருத்தாசலத்துக் கிலோவும் விழுப்புரத்துக் கிலோவும் ஒன்றாயின. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியும் எடைக்கல்லைப் போலத்தான். அது ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால், அவர் சொன்ன விலைக்கு நாம் வாங்க வேண்டியதே. அது பொதுவில் வந்ததால்தான் இன்று திட்டக்குடிக் கடைக்காரரும் தேர்ந்தெடுக்க முடிகிறது.

சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

வேலையைச் செய்யப்போவது கணிப்பொறிப் பணியாளர்தான். ஆனாலும் கொத்தனார் வேலை தெரியாவிட்டாலும் மணலின் தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, முகவரி. லினக்ஸ் கணிப்பொறி பெயர்களைத் தேடும்போது பெயரேட்டுச் சர்வரிடமே கேட்கும்படி அமைக்க வேண்டும். பெரும்பாலான தகராறுகள் இதில்தான் தொடங்குகின்றன.

இரண்டாவது, கடிகாரம். சர்வருக்கும் கணிப்பொறிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் இருந்தால் சீட்டு செல்லாது என்று திருப்பிவிடும். பழைய கணிப்பொறிகளில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து நேரம் பின்னோக்கிப் போயிருக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் தானாகவே சரியாகிக்கொள்ளும்படி அமைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, சேர்ப்பது. ரியல்ம்டி, எஸ்எஸ்எஸ்டி என்ற இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டால், ஒரே கட்டளையில் கணிப்பொறி பெயரேட்டில் சேர்ந்துவிடும். ஆளுக்குப் பெயர் இருப்பது போல அந்தக் கணிப்பொறிக்கும் பெயரேட்டில் ஒரு வரி உண்டாகும்.

நான்காவது, யாருக்கு அனுமதி. சேர்த்த மாத்திரத்தில் பெயரேட்டில் உள்ள அனைவருமே அந்த லினக்ஸ் கணிப்பொறிக்குள் நுழைய முடியும். இன்னின்னார் மட்டும் என்று உடனே வரையறுக்கச் சொல்லுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் சாதாரணப் பணியாளர்கூட பத்துக் கணிப்பொறிகள் வரை தாமே சேர்த்துவிட வழக்கமான அமைப்பில் இடமுண்டு. அதைப் பூச்சியமாக்கிவிடுவது உத்தமம்.

ஐந்தாவது, சர்வர் நின்றுபோனால்? மின்வெட்டு நமக்குத் தெரியாததன்று. ஏற்கெனவே ஒரு முறை உள்ளே நுழைந்தவரின் அடையாளத்தைக் கணிப்பொறி நினைவில் வைத்திருந்து, சர்வர் இல்லாதபோதும் திறந்துவிடும்படி அமைக்கலாம். அது இயங்குகிறதா என்று சர்வரை நிறுத்திச் சோதித்துப் பார்த்த பிறகே வேலைக்குக் கூலி கொடுங்கள். பெயரேட்டின் நகலைத் தவறாமல் எடுத்து வேறிடத்தில் வைப்பதும், இயன்றால் இரண்டாவது சர்வர் ஒன்று வைப்பதும் அவசியம். எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில் என்றால், வளையம் தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஆறாவது, தலைமைக் கடவுச்சொல். எங்கள் மண்டிக்குச் சர்வர் அமைத்துக் கொடுத்த ஒருவர் அந்தக் கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதன்பின் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றாலும் அவருக்கு ஆள் அனுப்ப வேண்டும்; வந்தால் ஒவ்வொரு தடவையும் கூலி. வேறொருவரைக் கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க நேர்ந்தது. தலைமைக் கடவுச்சொல் எழுதிய காகிதம் முத்திரையிட்ட உறையில் முதலாளியின் பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவும் அளவும்

விண்டோஸ் சர்வரில் பெயரேடு வைத்தால், சர்வர் உரிமத்தோடு, அதை அணுகும் ஒவ்வோர் ஆளுக்கோ கணிப்பொறிக்கோ தனி உரிமமும் வேண்டும். லினக்ஸ் கணிப்பொறியைச் சேர்த்தாலும் அந்த உரிமத்துக்கு விலக்கு இல்லை என்பதை நினைவில் கொள்ளவும். சாம்பாவில் பெயரேடு வைத்தால் இந்த உரிமச் செலவு கிடையாது. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மென்பொருள் இலவசம், ஆள் இலவசம் அன்று.

ஒன்றிரண்டு கணிப்பொறி உள்ள மளிகைக் கடைக்காரர்கள் இந்த ஏற்பாட்டில் இறங்க வேண்டியதில்லை. கணிப்பொறிக்குள்ளேயே ஆளுக்கொரு பெயர் வைத்தால் போதுமானது. நான்கைந்துக்கு மேல் போனவர்களும், கிடங்கும் கடையும் வேறு வேறு இடத்தில் வைத்திருப்பவர்களும்தான் பெயரேட்டைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

லினக்ஸுக்குப் போனவர்கள் திரும்பி வந்த கதையும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை மாற்றி, 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024-இல் சுமார் 30,000 கணிப்பொறிகளை மாற்றுவதாக அறிவித்தது. ஆக்டிவ் டைரக்டரிக்குப் பதிலாகத் திறந்த முறைப் பெயரேடு ஒன்றை அமைப்பதும் அந்தத் திட்டத்தில் அடக்கம். அரசாங்கங்களே இரு பக்கமும் நடந்து பார்க்கும்போது, நாம் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. ஒரு மேசையில் லினக்ஸ் போட்டு, அதைப் பெயரேட்டில் சேர்த்து, மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். பில் அச்சிடும் பொறியும் மின் தராசும் அதனோடு ஒத்துப் போகின்றனவா என்று பார்த்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

பல மாநிலங்களில் கிளை பரப்பியுள்ள பெரும் அங்காடிகள் இன்று சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. எந்தக் கவுன்டரில் எந்தப் பணியாளர் எத்தனை மணிக்கு எந்தப் பில்லை ரத்து செய்தார் என்பது அவர்களுக்கு ஒரு நொடியில் தெரிகிறது. வாடிக்கையாளரிடம் நமக்குள்ள உறவும், கடன் கொடுத்துத் தாங்கும் பழக்கமும் அவர்களிடம் இல்லை. ஆனால் உள்வீட்டு ஒழுங்கில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள். அந்த ஒழுங்குக்கு வேண்டிய கருவிகள் இப்போது நமக்கும் எட்டும் விலையில் இருக்கின்றன.

தனித்தனியாக ஒவ்வொருவரும் ஆள் தேடுவதைவிட, சங்கத்தின் சார்பில் கணிப்பொறி படித்த உள்ளூர் இளைஞர்கள் இருவருக்கு லினக்ஸிலும் சாம்பாவிலும் பயிற்சி அளித்து, திட்டக்குடி, பெண்ணாடம், தொழுதூர் வணிகர்களுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். மாதச் சந்தாவைப் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை. தலைமைக் கடவுச்சொல்லை உரிமையாளரிடம் ஒப்படைப்பது உள்ளிட்ட நிபந்தனைகளை ஒரு படிவமாக அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்கலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, வரும் ஏப்ரல் புதுக் கணக்குக்கு முன் ஒரு முடிவு காணுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.